ஓ'கானர் ஏன் பக்தியுள்ளவர்களையே அடிக்கிறார்?

கோபிச்செட்டிபாளையத்தில் நாங்கள் சிலர் கூடிச் சிறுகதை படிக்கிறோம். போன முறை அங்கே ஓர் இளம்பெண் அமெரிக்க எழுத்தாளர் ஓ'கானரைப் பற்றிக் கேட்ட கேள்விக்குத்தான் இந்தப் பதில். கேள்வி இது: "ஃபிளானரி ஓ'கானர் விடாமல் பூசைக்குப் போன கத்தோலிக்கர் என்கிறீர்கள். ஆனால் அவர் கதைகளில் வேதம் பேசுகிறவர்கள் எல்லோருமே அசடாகவோ கல்நெஞ்சாகவோ வருகிறார்கள். நம்பிக்கையுள்ள ஒருவர் தன் ஆட்களையே ஏன் இப்படி அடிக்கிறார்? போலி பக்தியைத் தோலுரிக்கிற கதைகள்தானா இவை? அதுக்கு மேல் நமக்கு இதில் என்ன இருக்குது?"

அம்மிணி, அன்றைக்கு நேரமாகிவிட்டதால் அரைகுறையாகச் சொன்னேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

போலி பக்தி என்று நாம் சாதாரணமாகச் சொல்வதை ஓ'கானர் அதிகம் எழுதவில்லை. அவருடைய கதைகளில் அடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் உண்மையாகவே நல்லவர்கள். கடன் வைக்காதவர்கள், வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள், யாருக்கும் வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொல்லாதவர்கள். அவர்களுடைய நல்லதனத்துக்குள்ளேயே அவர் கை வைக்கிறார். அதனால்தான் வலிக்கிறது.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1925இல் ஜார்ஜியா மாநிலத்தில் சவானா நகரில் பிறந்தவர். அப்பாவைக் கொன்ற லூபஸ் நோய் இவரையும் இருபத்தைந்து வயதுக்குப் பிறகு பிடித்துக்கொண்டது. அப்புறம் மில்லெட்ஜ்வில் ஊருக்கு வெளியே, அம்மா நடத்திய பால்பண்ணையிலேயே வாழ்ந்தார். மயில் வளர்த்தார். காலையில் எழுதினார். 1964 ஆகஸ்டில் 39 வயதில் இறந்துபோனார். சுற்றிலும் பாப்டிஸ்டு, மெதடிஸ்டு என்று புராட்டஸ்டன்டு சபைக்காரர்கள். கத்தோலிக்கர்கள் அங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டம். அதனால் அவருடைய பாத்திரங்களில் பெரும்பாலானோர் புராட்டஸ்டன்டுகள். "மற்ற சபைக்காரர்களை அடித்துவிட்டுத் தன் ஆட்களை விட்டுவிட்டார்" என்று சிலர் சொல்வது இதை வைத்துத்தான். அது சரியில்லை. பின்னால் வருகிறேன்.

நமக்கு வேடதாரி என்றால் உடனே மனதில் வருகிறவர் வேறு. வள்ளுவர் கூடாவொழுக்கம் அதிகாரத்தில் புலித்தோலைப் போர்த்திக்கொண்டு பயிரை மேய்கிற பசுவைக் காட்டுகிறார். தன் மேல் கிடப்பது புலித்தோல் என்று அந்தப் பசுவுக்குத் தெரியும். வெளியே துறவி, உள்ளே திருடன். இந்த வகை ஆள் ஓ'கானரிடமும் ஒருவன் உண்டு. 'குட் கன்ட்ரி பீப்பிள்' கதையில் பைபிள் விற்க வரும் மேன்லி பாயின்டர். அவன் திறக்கிற பைபிளின் உள்ளே பக்கம் இல்லை, குடைந்த பொந்து. அதில் ஒரு விஸ்கிக் குப்பி, அசிங்கப் படம் போட்ட சீட்டுக்கட்டு, ஒரு சின்ன நீலப் பெட்டி. ஆனால் கதை அவனைப் பற்றியதில்லை. அவனை 'நல்ல நாட்டுப்புறத்து மனுசன்' என்று நம்பி உட்கார வைத்துச் சோறு போட்ட வீட்டைப் பற்றியது. அந்த வீட்டுக்காரம்மா தன் பைபிள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்கிறார். அது பரண் மேல் எங்கேயோ கிடக்கிறது. இந்தச் சின்னப் பொய் பொந்து பைபிளை விடச் சுவாரசியமானது. ஏனென்றால் சொல்லும்போது அந்தம்மாவுக்கு அது பொய்யாகவே தோன்றுவதில்லை.

சரி, முக்கியமான கதைக்கு வருகிறேன். 'ரெவலேஷன்', 1964இல் வெளிவந்தது. அவர் இறந்த பிறகு, 1965இல், ஓ. ஹென்றி விருதின் முதல் பரிசு இதற்குக் கிடைத்தது.

திருமதி டர்பின் தன் கணவர் கிளாடைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் வந்திருக்கிறார். மாடு உதைத்ததில் அவர் காலில் புண். காத்திருக்கும் அறை சின்னது, அந்தம்மா பெரியவர். உட்கார்ந்ததும் எல்லோருடைய செருப்பையும் பார்க்கிறார். ஒருத்தி மேட்சிங் ஷூ போட்டிருக்கிறாள், நல்ல குடும்பம். இன்னொருத்தி வீட்டுக்குள் போடுகிற செருப்போடு வந்திருக்கிறாள், சரி, அவள் எந்த வகை என்று தெரிந்துவிட்டது. ராத்திரி தூக்கம் வராவிட்டால் டர்பினம்மா உலகத்து மனிதர்களைப் படிநிலையாக அடுக்கிப் பார்ப்பது வழக்கம். அடியில் கறுப்பர்கள். அவர்களுக்கு மேலே என்று சொல்ல முடியாமல் பக்கத்தில் தள்ளி, ஒன்றுமில்லாத வெள்ளைக்காரர்கள். அப்புறம் வீடு உள்ளவர்கள். அதற்கு மேல் வீடும் நிலமும் உள்ளவர்கள், அதாவது தானும் கிளாடும். அதற்கு மேல் பெரும் பணக்காரர்கள். இங்கேதான் கணக்கு உதைக்கிறது. பணக்காரரில் சிலர் கீழ்த்தரமானவர்கள். ஊரில் ஒரு கறுப்பினப் பல் டாக்டருக்கு இரண்டு சிவப்பு லிங்கன் காரும் நீச்சல் குளமும் இருக்கிறது, அவரை எங்கே வைப்பது? அடுக்கு கலைந்து, எல்லோரும் ஒரே சரக்கு ரயில் பெட்டியில் அடைபட்டு எரிவாயு உலைக்குப் போவதுபோல அந்தம்மாவுக்குக் கனவு வருகிறது. கனவு அதோடு நிற்கிறது, ஓ'கானரும் விளக்கம் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். சாதாரண ஒரு குடும்பப் பெண்ணின் தூக்கத்துக்கு முந்தைய பொழுதுபோக்கு எங்கே போய் முடியும் என்று அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

கோயம்புத்தூரில் எந்த எலும்பு டாக்டரின் கிளினிக்கிலும் சாயங்காலம் போய் உட்காருங்கள். பக்கத்துச் சீட்டுக்காரர் முதலில் கேட்பது வலி எங்கே என்றா? "எந்தூருங்க?" அப்புறம், "தோட்டங்காடு இருக்குதுங்களா?" அப்புறம் கொஞ்சம் தயங்கி, "நீங்க என்ன கூட்டமுங்க?" (கூட்டம் என்றால் இங்கே குலம்.) மூன்று கேள்வியில் ஆளை அடுக்கில் வைத்தாகிவிடும். அதுவும் எவ்வளவு மரியாதையாக, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு. நம்முடைய அடுக்கும் அந்தம்மாவுடையது மாதிரியே உதைக்கிறது. கிணறு வற்றிப் பூமியை விற்றவர் மில்லில் வாட்ச்மேனாக நிற்பார். அவர் தோட்டத்தில் ஆளாக இருந்தவரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பான். இந்த இரண்டு பேரும் ஒரு கல்யாண மண்டபத்தில் எதிர்ப்பட்டால் யார் முதலில் கும்பிடுவது என்று தெரியாமல் ஒரு நொடி நிற்பார்கள் பாருங்கள், அந்த ஒரு நொடியில்தான் ஓ'கானர் கதை எழுதுகிறார்.

கதையில் டர்பினம்மா கடைசியில் மனம் நிறைந்து சத்தமாகவே சொல்கிறார்: நான் யார் யாராகவோ பிறந்திருக்கலாம், இப்படிப் பிறந்திருக்கிறேன், எல்லாவற்றையும் இப்படியே படைத்ததற்கு நன்றி இயேசுவே! சொல்லி வாய் மூடவில்லை, எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் கையிலிருந்த தடிப் புத்தகத்தை வீசுகிறாள். அது கண்ணுக்கு மேலே வந்து விழுகிறது. பாய்ந்து கழுத்தைப் பிடிக்கிறாள். "நீ எங்கேயிருந்து வந்தாயோ அந்த நரகத்துக்கே திரும்பிப் போ, கிழட்டுக் காட்டுப்பன்றியே" என்கிறாள்.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் தெரிந்தவர்களுக்கு இது எங்கேயிருந்து வருகிறது என்று உடனே புரியும். மதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கிற பரிசேயரும், ஊர் வெறுத்த வரிதண்டுபவரும் கோவிலுக்குச் செபிக்கப் போன கதை. "நான் மற்ற மக்களைப் போல இல்லை, அதற்காக உமக்கு நன்றி" என்பதுதான் பரிசேயரின் செபம். கவனியுங்கள், அவர் பொய் சொல்லவில்லை. நோன்பிருக்கிறேன், பத்தில் ஒரு பங்கு கொடுக்கிறேன் என்கிறார், நிஜமாகவே கொடுத்திருப்பார். டர்பினம்மாவும் அப்படித்தான். யார் கஷ்டப்பட்டாலும் உதவுகிறவர். அவருடைய பாவம் செய்த காரியத்தில் இல்லை, நன்றியில் இருக்கிறது. யாரையாவது கீழே வைத்துப் பார்க்காமல் அந்த நன்றி வாயில் வராது.

ஈரோட்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் கதையை வகுப்பில் வைத்தேன். வெள்ளையர், கறுப்பர், அமெரிக்கத் தெற்கு என்று பின்னணி சொல்லி முடிப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "சார், இது எங்க அமுச்சி" என்றான். அமுச்சி என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி. எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவன் அமுச்சி பங்குனியில் மாரியம்மன் பொங்கலுக்கு மூட்டை மூட்டையாக அரிசி கொடுப்பவர். அன்னதானப் பந்தியில் நின்று தன் கையாலேயே பரிமாறுவார். தோட்டத்து ஆள்களுக்குத் தண்ணி கேட்டவுடன் கொடுப்பார், வெயிலில் நிற்க வைக்க மாட்டார். ஆனால் அவர்கள் குடிக்கிற டம்ளர் சாளையின், அதாவது தோட்டத்து வீட்டின், கூரை எரவாரத்தில் செருகியிருக்கும். அலுமினிய டம்ளர், விளிம்பு நெளிந்தது. குடித்துவிட்டு அவர்களே கழுவி அங்கேயே செருகிவிட்டுப் போக வேண்டும். "அமுச்சிகிட்ட இதைக் கேட்டா, நான் யாரையாச்சும் தண்ணி இல்லைன்னு சொல்லியிருக்கேனா கண்ணுன்னு கேக்கும் சார்" என்றான்.

டர்பினம்மாவும் தன் பண்ணையில் பருத்தி எடுக்கிறவர்களுக்கு ஐஸ் தண்ணி வாளியில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அன்பாக இருந்தால்தான் வேலை வாங்க முடியும், வெண்ணெய் தடவித் தடவி அலுத்துப்போச்சு என்று டாக்டரின் காத்திருக்கும் அறையில் புலம்பவும் செய்கிறார். அடிபட்டு வந்த அன்று சாயங்காலம் அதே வாளியோடு போய், அந்தப் பெண் சொன்னதை வேலைக்காரப் பெண்களிடம் சொல்கிறார். "உங்களைப் போல நல்லவங்க உண்டா, இயேசுவே உங்ககிட்ட திருப்தியா இருக்காரே" என்று அவர்கள் கூட்டமாகப் பாடுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று அந்தம்மாவுக்கு நன்றாகத் தெரியும். நம்மூரில் 'ஆமாங்க சாமி' என்பதன் எடை தெரியாத பண்ணையக்காரர் உண்டா? இந்த இடம் எனக்குக் கதையிலேயே மிகவும் பிடித்தது. வேடம் இங்கே போடுவது வேலைக்காரர்கள்தான், அதை ஓ'கானர் பாவமாகவே காட்டவில்லை. வயிற்றுக்காகப் போடுகிற வேடம் அது.

கடைசிக் காட்சி பன்றிக் கொட்டில். ஹோஸ் பைப்பைப் பிடித்துப் பன்றிகளைக் கழுவிக்கொண்டே அந்தம்மா கடவுளோடு சண்டை போடுகிறார். நான் எப்படி ஒரே நேரத்தில் பன்றியாகவும் நானாகவும் இருக்க முடியும்? உனக்கு அந்தக் குப்பைக் கூட்டம்தான் பிடிக்குமென்றால் போய் அவர்களையே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? கடைசியாக, "நீ யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்?" என்று கத்த, அந்தக் கேள்வி எதிரொலித்துத் திரும்பி வருகிறது. அப்புறம் வானத்தில் ஒரு பாலம். அதில் மோட்சத்துக்கு ஊர்வலம் போகிறது. அவர் குப்பை என்று நினைத்தவர்கள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சுத்தமாகப் போகிறார்கள். கறுப்பர்கள் வெள்ளை அங்கியில். பைத்தியங்கள் தவளை மாதிரி குதித்துக்கொண்டு. கடைசி வரிசையில் தன்னையும் கிளாடையும் போன்றவர்கள், அவர்கள் மட்டும் சுருதி பிசகாமல் பாடிக்கொண்டு ஒழுங்காக நடக்கிறார்கள். ஆனால் முகம் அதிர்ந்து மாறிப்போயிருக்கிறது. அவர்களுடைய நற்குணங்கள்கூட எரிந்துகொண்டிருக்கின்றன.

பாவம் எரிவதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். நற்குணம் எரிவதை எழுத ஒரு கத்தோலிக்கர் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். எங்கள் கத்தோலிக்கப் பாட்டிமார் சொல்லும் உத்தரிக்கிற ஸ்தலம்தான் இது, மோட்சத்துக்கு முன் ஆன்மாக்கள் சுத்தமாகிற இடம். மோட்சத்துக்குப் போகிற நல்லவர்களைத்தான் அது சுடும், நரகத்துக்குப் போகிறவர்களை அல்ல. டர்பினம்மா கடைசி வரிசையில் இருந்தாலும் ஊர்வலத்தில் இருக்கிறார், மறந்துவிடாதீர்கள். இந்தப் பாத்திரத்தின் மேல் ஓ'கானருக்குப் பெரிய மதிப்பு இருந்தது. பன்றிக் கொட்டிலில் நின்று ஆண்டவரைப் பார்த்துக் கத்த வேண்டுமென்றால் பெரிய மனுஷியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு தோழிக்கு எழுதினார். கேலிதான் நோக்கமென்றால் அடி விழுந்த இடத்திலேயே கதையை முடித்திருப்பார்.

தன் சபையை விட்டுவிட்டாரா என்ற கேள்விக்கு 'எ டெம்பிள் ஆஃப் த ஹோலி கோஸ்ட்' என்ற கதை போதும். பன்னிரண்டு வயது கத்தோலிக்கச் சிறுமி. கெட்டிக்காரி, வாய்த்துடுக்கு. தன்னால் புனிதையாக முடியாது என்று அவளுக்கே தெரியும், ஆனால் சட்டென்று கொன்றுவிடுவார்கள் என்றால் வேதசாட்சியாகிவிடலாம் என்று கணக்குப் போடுகிறாள். ஒரு ராத்திரி செபம் சொல்லும்போது வேறு சபையைச் சேர்ந்த இரண்டு நாட்டுப்புறத்துப் பையன்கள் ஞாபகம் வருகிறார்கள். "ஆண்டவரே, நான் அந்தச் சபையில் இல்லாததற்கு நன்றி, நன்றி" என்கிறாள். அதே பரிசேயர் செபம். அதை ஒரு கத்தோலிக்கக் குழந்தையின் வாயில், கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்ட நிலையில் வைத்துவிட்டார். அந்தச் சிறுமி ஏறக்குறைய ஓ'கானரே என்று படிக்க இடமிருக்கிறது. 1958இல் அவரை வற்புறுத்தி, நோயாளிகள் குணம் வேண்டி ஊற்று நீரில் குளிக்கிற பிரான்ஸின் லூர்து நகருக்குக் கூட்டிப் போனபோது, மதத்துக்காகக் குளிப்பதைவிடச் சாவது எனக்குச் சுலபம் என்று கடிதத்தில் எழுதியவர் அவர்.

நானும் கருமத்தம்பட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கன்தான். அக்டோபரில் செபமாலை மாதா தேர் வரும்போது தேருக்கு முன்னால் யார் நடப்பது என்று சண்டை வருகிற ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் கல்லறையில்கூடத் தனித்தனி வரிசை வைத்திருக்கிற பங்குக் கோயில்கள் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதியைப் பிரிக்கச் சுவரே இருந்தது, 1910இல்தான் இடித்தார்கள். பாலத்து ஊர்வலத்தை எங்கள் ஆட்கள் படித்தால் யார் முன்னால் போகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

மதமில்லாதவர்கள் தப்பித்தார்களா என்றால் அதுவும் இல்லை. 'க்ரீன்லீஃப்' கதையின் திருமதி மே மதத்தின் மேல் மிகுந்த மரியாதை வைத்திருக்கிற நல்ல கிறிஸ்தவப் பெண், ஆனால் அதில் எதுவும் உண்மை என்று நம்புவதில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். 'எவ்ரிதிங் தட் ரைசஸ் மஸ்ட் கன்வர்ஜ்' கதையில் ஜூலியன் என்று ஒரு படித்த பையன். நிறவெறிக்கு எதிரானவன். அவன் கொள்கை முழுவதும் தன் அம்மாவை பஸ்ஸில் அவமானப்படுத்துவதற்குத்தான் பயன்படுகிறது. நம் ஊர் முற்போக்குக் கூட்டங்களில் இவனைச் சந்தித்திருக்கிறேன், கண்ணாடியிலும் சந்தித்திருக்கிறேன்.

நமக்கு இதில் என்ன என்று கேட்டீர்களே, அதற்கு 'தி டிஸ்பிளேஸ்டு பெர்சன்' கதையைச் சொல்வேன். போருக்குப் பிறகு போலந்திலிருந்து ஓர் அகதிக் குடும்பத்தை ஒரு பாதிரியார் ஒரு பண்ணைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார். குய்சாக் என்ற அந்த மனிதர் ராப்பகலாக உழைக்கிறார். முதலாளியம்மா திருமதி மெக்கின்டயர், அவன்தான் எனக்கு மீட்சி என்கிறார். பழைய வேலைக்காரர்களுக்கு வயிறு எரிகிறது. அப்புறம் குய்சாக் தன் சொந்தக்காரப் பெண்ணை அகதி முகாமிலிருந்து மீட்க, அவளைப் பண்ணையின் கறுப்பின வேலைக்காரனுக்குக் கட்டிவைக்க ஏற்பாடு செய்கிறார் என்று தெரியவருகிறது. முதலாளியம்மாவின் பாசமெல்லாம் அந்த நொடியோடு போய்விடுகிறது. முடிவில் குய்சாக் ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்க, மேட்டில் நிறுத்திய பெரிய டிராக்டர் பிரேக் நழுவி உருண்டு வருகிறது. மூன்று பேர் பார்க்கிறார்கள். அந்த மூன்று பேரின் கண்களும் ஒருமுறை சந்தித்துக்கொள்கின்றன. யாரும் கத்தவில்லை.

திருப்பூரில் பீகார், ஒடிசாப் பையன்கள் இல்லாமல் இன்றைக்குத் தையல் மெஷின் ஓடாது. "அந்தப் பசங்க வந்தப்புறம்தான் கம்பெனி நிக்குதுங்க" என்று சொல்கிற அதே வாய், அரை மணி நேரத்தில் "இவனுகளாலதான் ஊரே கெட்டுப்போச்சு" என்றும் சொல்லும். சொல்கிறவர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கலாம், ஞாயிறு பூசைக்கு முன் வரிசையில் நிற்கலாம். இரண்டையும் மனதாரத்தான் சொல்கிறார். 2018இல் அவிநாசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணை வேண்டாம் என்று பெற்றோர்கள் மறித்தார்கள், நினைவிருக்கும். அவர்களை வேடதாரிகள் என்று சொல்லிவிட்டால் நாம் சௌகரியமாக வெளியே வந்துவிடலாம். அந்தச் சௌகரியத்தை ஓ'கானர் தருவதில்லை. அவர்களில் யாரும் தாங்கள் நல்லவர்கள் இல்லை என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிலே மோசடியாகிவிடும். ஓ'கானரின் கடிதங்களில் கறுப்பர்களைப் பற்றிய அசிங்கமான நகைச்சுவைகள் இருக்கின்றன. 1959இல் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினை ஜார்ஜியாவில் சந்திக்கலாமா என்று தோழி கேட்டபோது முடியாது என்று எழுதினார், இங்கே அது சரிப்படாது, நியூயார்க்கில் என்றால் பரவாயில்லை என்று. 1964 மே மாதம், அதாவது டர்பினம்மாவின் கதை வந்த அதே வருடம், தான் கொள்கையில் நிறச் சமத்துவக்காரி, ரசனையில் நிறப் பிரிவினைக்காரி என்று எழுதினார். 2020இல் இந்தக் கடிதங்கள் பெரிதாகப் பேசப்பட்டு, மேரிலாந்தின் லயோலா கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒரு விடுதிக்கு வைத்திருந்த அவர் பெயரை எடுத்துவிட்டது. எடுத்தது சரிதான் என்பது என் கட்சி. அந்தக் கட்டடத்தில் கறுப்பினப் பிள்ளைகளும் தூங்க வேண்டுமே. ஆனால் கதைகளை அதனால் தூக்கி வைக்க மாட்டேன். பன்றிக் கொட்டிலில் நின்றவரை அவ்வளவு உள்ளேயிருந்து எழுத அவரால் முடிந்ததற்குக் காரணமே அவரும் அங்கே நின்றவர் என்பதுதான். அந்தக் கதை பார்த்ததை அவரால் கடிதத்தில் பார்க்க முடியவில்லை.

படிக்கிற வரிசை கேட்டிருந்தீர்கள். 'ரெவலேஷ'னில் தொடங்குங்கள். அடுத்து 'டெம்பிள்', அப்புறம் 'டிஸ்பிளேஸ்டு பெர்சன்'. 1955இல் வந்த முதல் தொகுப்பின் தலைப்புக் கதையான 'எ குட் மேன் இஸ் ஹார்ட் டு ஃபைன்ட்' எல்லோரும் முதலில் கையில் எடுப்பது. அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் படித்தால் அது வெறும் கொலைக்கதையாகப் போய்விடும், அதில் வரும் பாட்டி சாவதற்கு முன் கொலைகாரனை நோக்கி நீட்டுகிற கை கண்ணில் படாது. மொழிபெயர்த்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் பேச்சைக் கொங்குத் தமிழில் வைத்துப் பாருங்கள். டர்பினம்மாவின் வாயில் 'ங்க' போட்டதும் அந்தம்மா இன்னும் பயங்கரமாகிவிடுகிறார்.